உங்களுக்குத் தெரியுமா? கால்பந்து சேர்மன்கள்!

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா டீக்கடையில் நின்று 'சேர்மன்' என்று சொல்லிப் பாருங்கள். பஞ்சாயத்து யூனியன் சேர்மன், கூட்டுறவு சங்க சேர்மன், பள்ளிக்கூட சேர்மன் என்று வரிசையாக வரும். கால்பந்து கிளப் சேர்மன்? ஒருத்தர் வாயிலும் வராது! ஆனால் உலகக் கால்பந்தில் பாதிக் கதை உள்ளூர் முதலாளிகள் எழுதியதுதான். கடைசியில் நம்ம ஊருக்கே வந்து நிற்கப்போகிறேன். டீயை ஆறவிடாமல் படியுங்கள்!

லிவர்பூல் கிளப் பிறந்தது எதனால் தெரியுமா? வாடகைத் தகராறு!

ஜான் ஹோல்டிங். லிவர்பூல் நகரத்தில் பீர் ஆலை முதலாளி. ஆன்ஃபீல்டு மைதானம் அவர் கையில். அதில் குடியிருந்த கிளப் எவர்ட்டன். 100 பவுண்டாக இருந்த வாடகை 250 பவுண்டு ஆனது. குடித்தனக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்! ஹோல்டிங் கையில் மைதானம் இருக்கிறது, ஆடுவதற்கு அணி இல்லை. மனுஷன் என்ன செய்தார்? புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார். 1892 மார்ச் 15. அதுதான் லிவர்பூல்! 'டு லெட்' போர்டு மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவசரத்துக்கு ஆள் பிடித்தது ஸ்காட்லாந்தில். பெயர்கள் 'மெக்' 'மெக்' என்றே ஓடின. அந்த அணிக்கு வந்த பட்டப்பெயரே 'டீம் ஆஃப் மெக்ஸ்'!

9 வருஷம்தான். 1901-ல் இங்கிலாந்து சாம்பியன்!

மான்செஸ்டர் யுனைடெட்டைக் காப்பாற்றியது யார்? ஒரு நாய்!

சிரிக்காதீர்கள். அப்போது கிளப்பின் பெயர் நியூட்டன் ஹீத். கடன் 2,670 பவுண்டு. பணம் திரட்ட ஒரு கண்காட்சி நடத்தினார்கள். கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு தன் செயின்ட் பெர்னார்டு நாயின் கழுத்தில் உண்டியலைக் கட்டிக் கூட்டத்துக்குள் விட்டார். நாய் காணாமல் போனது! அது போய்ச் சேர்ந்த இடம் ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பணக்காரர் கையில். நாயைத் தேடிப் போன கேப்டன், முதலாளியோடு திரும்பி வந்தார்! டேவிசும் இன்னும் 3 வியாபாரிகளும் ஆளுக்கு 500 பவுண்டு போட்டார்கள். 1902-ல் பெயரும் மாறியது. வெள்ளைச் சட்டை போய்ச் சிவப்புச் சட்டை வந்தது!

அந்த டேவிசுக்கு என்ன தொழில்? அதுவும் பீர் ஆலை! காந்தி மியூசியம் உள்ள ஊர்க்காரன் நான். இதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஓல்டு டிராஃபோர்டு மைதானம் கட்ட டேவிஸ் கொடுத்தது 60,000 பவுண்டு. திறந்தது 1910-ல்!

ஒரு நாய் போதாதா? இன்னொன்றும் இருக்கிறது!

கஸ் மியர்ஸ். லண்டன் தொழிலதிபர். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தை வாங்கிப்போட்டார். 'வருஷத்துக்கு 1,500 பவுண்டு, வந்து ஆடுங்கள்' என்று பக்கத்து கிளப் ஃபுல்ஹாமைக் கூப்பிட்டார். கட்டுப்படியாகாது என்று விட்டார்கள். சலித்துப்போன மியர்ஸ், நிலத்தை ரயில் கம்பெனிக்கு நிலக்கரி கொட்ட விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். 'வேண்டாம், விற்காதீர்கள்' என்று கெஞ்சியவர் நண்பர் பிரெட் பார்க்கர். அந்த நேரம் பார்த்து மியர்சின் நாய் பார்க்கர் காலைக் கடித்துவிட்டது! ரத்தம் வழிய, பார்க்கர் கோபப்படவே இல்லை. கடித்தும் அசராத ஆள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று மியர்ஸ் மனசை மாற்றிக்கொண்டாராம். 1905 மார்ச் 10. செல்சி பிறந்தது!

பார்க்கர் ஒரு அதட்டு அதட்டியிருந்தால் அங்கே இன்றைக்குக் கரிக்குவியல்!

அன்றைக்கு வாடகைக்கு மறுத்த ஃபுல்ஹாம் சேர்மன் ஹென்றி நாரிஸ். சொத்து வியாபாரி. பின்னாளில் அவரே அர்செனல் சேர்மன். 1919-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்த அர்செனலை வாக்கெடுப்பு மூலம் முதல் டிவிஷனில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அர்செனல் கீழே இறங்கியதே இல்லை. 100 வருஷம் தாண்டிவிட்டது!

சரி, கடல் தாண்டி நம்ம நாட்டுக்கு வருவோம்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரே ஒரு ஆட்டக்காரரை உட்காரவைத்ததால்!

1920 ஜூலை 28. கொல்கத்தா. ஜோராபாகான் - மோகன் பகான் மேட்ச். ஜோராபாகானின் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸ் பெயர் அணியில் இல்லை. துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி ஒரு தொழிலதிபர். 'ஏன் இல்லை?' என்று கேட்டார். பதில் வரவில்லை. பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். நாம் என்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்போம். அவர் ஆகஸ்ட் 1-ம் தேதி புதுக் கிளப்பே தொடங்கிவிட்டார். கணக்குப் போடுங்கள். நாலே நாள்!

சட்டைக்கு என்ன கலர்? யோசித்துக்கொண்டே ஒயிட்அவே லெய்ட்லா கடைக்குப் போனார்களாம். சிவப்பும் தங்கமும் கலந்த ஒரு சட்டை தொங்கியது. விலை 80 ரூபாய்! 1920-ல் 80 ரூபாய் என்றால் என்னவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தச் சிவப்பு-தங்கம்தான் இன்றுவரை ஈஸ்ட் பெங்கால்!

மாமன் மச்சான் வீட்டுச் சண்டையை விடப் பெரிது மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் சண்டை. 1998-ல் இரண்டு கிளப்பிலும் பாதிப் பாதிப் பங்கு ஒரே முதலாளியிடம் போனது! விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம். ஒன்று மெக்டவல் மோகன் பகான். இன்னொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். யார் ஜெயித்தாலும் பாட்டில் அவருடையது!

கோவாவின் சர்ச்சில் அலெமாவ். கிளப்புக்குத் தன் பெயரையே வைத்தார். சர்ச்சில் பிரதர்ஸ்! 2008-09, 2012-13 என இரண்டு தடவை அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன். அவர் கோவா முதலமைச்சராகவும் இருந்தவர். எத்தனை நாள் தெரியுமா? 18 நாள்!

அதே கோவா. டெம்போ குடும்பம். சுரங்க முதலாளிகள். இவர்கள் கிளப் வென்ற தேசிய லீக் பட்டங்கள் 5! ஐந்துக்கும் ஒரே பயிற்சியாளர், அர்மாண்டோ கொலாசோ!

பஞ்சாபில் பக்வாரா. ஜே.சி.டி. என்ற துணி மில். இந்தியாவின் முதல் தேசிய லீக் பட்டத்தை 1996-97-ல் தட்டிக்கொண்டு போனது இந்த மில் அணிதான். அதில் பாய்ச்சுங் பூட்டியா போட்ட கோல் 14! மில் தறியும் பந்தும் ஒரே காம்பவுண்டில் என்றால் மதுரைக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்? ஆனால் 2011-ல் கிளப்பை மூடிவிட்டார்கள். அதுவும் மில்லுக்குக் கதவடைப்பு மாதிரிதான்.

மிசோரமின் ராபர்ட் ராய்ட்டே. உள்ளூர்க்காரர். அவருடைய ஐசால் எஃப்.சி. 2015-16-ல் ஐ-லீக்கிலிருந்தே கீழே இறக்கப்பட்ட அணி. எப்படியோ திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே சாம்பியன்! ஐசால் 37 புள்ளி. மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக் பட்டம் வென்ற முதல் கிளப்!

2018-ல் ராய்ட்டே தேர்தலில் நின்றார், ஜெயித்தார். கிடைத்த இலாகா? விளையாட்டுத் துறை!

இந்தியக் கோழிக் கம்பெனி இங்கிலாந்து கிளப் வாங்கிய கதை கேட்டிருக்கிறீர்களா? புனேயின் வெங்கீஸ்! 2010-ல் பிளாக்பர்ன் ரோவர்சை 23 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் நெஞ்சை நிமிர்த்தலாம் என்று பார்த்தால்... 2012 மே மாதம் கிளப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே போனது. கொதித்துப்போன ரசிகர்கள் மேட்ச் நடுவில் மைதானத்துக்குள் எதை விட்டார்கள் தெரியுமா? கிளப் கொடியைப் போர்த்திய ஒரு உயிர்க்கோழியை!

அந்தக் கிளப்பின் பழைய முதலாளி ஜாக் வாக்கர். அதே ஊர்க்காரர். இரும்பு வியாபாரி. 81 வருஷம் கழித்து 1995-ல் பிளாக்பர்னுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். இரும்புக்கும் கோழிக்கும் உள்ள தூரம் 17 வருஷம்!

அந்தக் கோழி இறங்கிய அன்றைக்கு பிளாக்பர்னைத் தோற்கடித்து அனுப்பிய அணி எது? விகன்! அதன் அப்போதைய சேர்மன்? டேவ் வெலன். பிளாக்பர்னுக்காக ஆடிய பழைய ஆட்டக்காரர்!

இந்த வெலன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1960 எஃப்.ஏ. கோப்பை பைனல். பிளாக்பர்ன் சட்டையில் வெலன். ஆட்டத்துக்கு நடுவில் கால் உடைந்தது. பிளாக்பர்ன் 0-3 தோல்வி. பெரிய ஆட்டக்காரராகும் வாழ்க்கை கிட்டத்தட்ட அங்கேயே முடிந்தது. மனுஷன் சந்தையில் கடை போட்டார். சந்தைக் கடை சூப்பர் மார்க்கெட் ஆனது. அப்புறம் விளையாட்டுச் சாமான் கடைகள். 1995-ல் விகன் கிளப்பை வாங்கினார். அப்போது அது நாலாவது டிவிஷன். பத்தே வருஷத்தில் பிரீமியர் லீக்! 2013 மே 11. எஃப்.ஏ. கோப்பை பைனல். எதிரே பணக்கார மான்செஸ்டர் சிட்டி. 90 நிமிஷம் முடிந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் பென் வாட்சன் தலையால் முட்டினார். 1-0! கால் உடைந்த அதே கோப்பையை 53 வருஷம் கழித்து வென்றுவிட்டார்!

மூன்றே நாளில் விகன் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதுவும் நடந்தது!

ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம். கிராமம். ஜனத்தொகை 3,000 சொச்சம். அந்தக் கிளப்பில் சின்ன வயதில் ஆடிய டீட்மார் ஹாப் பிற்காலத்தில் 'சாப்' மென்பொருள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். உங்கள் ஆபீசில் ஓடுகிறதே, அதே சாப்! பணம் கொட்டினார். கிளப் 2008-ல் பூந்தஸ்லிகாவில். ஸ்டேடியத்தில் இடம் 30,150 பேருக்கு. ஊரே வந்தாலும் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பும்!

மிலானில் பிறந்த இத்தாலிய முதலாளி பெர்லுஸ்கோனி 1986-ல் ஏ.சி. மிலான் அணியை எப்படி அறிமுகப்படுத்தினார்? ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கி! அவர் காலத்தில் ஐரோப்பியக் கோப்பை 5. மிலானை விற்றுவிட்டு 80 வயதுக்கு மேல் மூன்றாம் டிவிஷனில் கிடந்த மோன்சாவை வாங்கினார். 1912-ல் பிறந்த அந்தக் கிளப் முதன்முதலாக முதல் டிவிஷனை எட்டியது எப்போது? 2022-ல்!

போதும் ஐரோப்பா. கோடம்பாக்கம் வாருங்கள்!

கோகுலம் சீட்டுக் கம்பெனி தெரியும்தானே? 1968-ல் சென்னையில் தொடங்கியது. தலைவர் கோகுலம் கோபாலன். கேரளாவின் வடகரையில் பிறந்தவர். 'பழசி ராஜா' படத்தைத் தயாரித்தவர். அவர் குழுமம் 2017-ல் ஒரு கால்பந்து கிளப் ஆரம்பித்தது. கோகுலம் கேரளா. இரண்டே வருஷத்தில் டியூராண்ட் கோப்பை! பைனலில் எதிரே யார்? மோகன் பகான். எங்கே? மோகன் பகானின் சொந்த ஊர் கொல்கத்தாவிலேயே! 2-1!

2021 மார்ச் 27. ஐ-லீக் கடைசி நாள். முதல் பாதியில் கோகுலம் 0-1 பின்னால். 70-வது நிமிஷம் வரை அதே நிலைமை. அப்புறம்? 70, 74, 77... ஏழு நிமிஷத்தில் 3 கோல்! கடைசியில் இன்னொன்று. 4-1. சாம்பியன்! அடுத்த வருஷமும் சாம்பியன். ஐ-லீக் பட்டத்தைத் தக்கவைத்த முதல் கிளப்!

இதே கோகுலத்தின் பெண்கள் அணி 2022 ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கியது. பெட்டி, பூட்ஸ், ஜெர்சி எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தையே தடை செய்துவிட்டது! ஒரு மேட்ச் கூட ஆடாமல் திரும்பினார்கள். தடை நீங்கியது ஆகஸ்ட் 26-ம் தேதி. ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது.

இனி தமிழ்நாடு. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்!

சென்னை சிட்டி. பெயர் சென்னை. 2018-19-ல் சொந்த மைதானமாக ஆடியது கோவை நேரு ஸ்டேடியம்! உரிமையாளர் ரோஹித் ரமேஷ். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். கோல் அடித்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி. ஒரே சீசனில் 21 கோல்!

2019 மார்ச் 9. கடைசி நாள். ஒரு புள்ளி முன்னால் சென்னை சிட்டி. பின்னால் துரத்துவது ஈஸ்ட் பெங்கால். எதிரணி மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோவையில் கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை ஸ்டேடியமே கன்னத்தில் கை வைத்தது. அப்புறம் மான்சி பெனால்டி. கௌரவ் போரா ஒன்று. கடைசி நிமிஷத்தில் போராவே இன்னொன்று. 3-1! அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. பிரயோஜனமில்லை. 43-க்கு 42!

அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் சென்னை சிட்டியில் பங்கு வாங்கியது. எவ்வளவு? 26 சதவீதம்! ஆனால் 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டியைத் தேடாதீர்கள். கிடையாது.

இப்போது மதுரை!

பழங்காநத்தத்தில் வண்டியைக் கிளப்புங்கள். மண்டேலா நகர் தாண்டி தூத்துக்குடி சாலையைப் பிடியுங்கள். முக்கால் மணி நேரத்தில் காரியாபட்டி. அங்கே புல்லூரில் 1995-ல் தொடங்கிய சேது இன்ஜினீயரிங் கல்லூரி. அது அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்த கல்லூரி. நிறுவனர் தலைவர் எஸ். முகமது ஜலீல். இந்தக் கல்லூரிக் குடும்பத்துக் கால்பந்து கிளப்தான் சேது எஃப்.சி. உரிமையாளர் சீனி முகைதீன். ஆண்கள் கிளப் என்றுதானே நினைத்தீர்கள்? பெண்கள்!

ஜல்லிக்கட்டு ஊரில் பெண்கள் கால்பந்து கிளப். 2017-18-ல் இந்தியப் பெண்கள் லீக்கில் முதல் தடவை ஆடியது. முதல் தடவையே அரையிறுதி!

அடுத்த வருஷம் பஞ்சாபின் லூதியானா. மதுரையிலிருந்து நேர்கோடு போட்டு அளந்தாலே 2,300 கி.மீ. மே மாத வெயில். மொத்தம் 12 அணி. நம்ம ஊர் பங்குனி, சித்திரையைப் பார்த்தவர்களுக்கு வெயில் ஒரு பொருட்டா? 2019 மே 22. குருநானக் ஸ்டேடியம். பைனல். எதிரே மணிப்பூர் போலீஸ். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் கபடியில் ஹரியானா மாதிரி. ஸ்கோர்? சேது 3, மணிப்பூர் போலீஸ் 1. இந்தியச் சாம்பியன்!

மார்ச் 9-ல் ஆண்கள் ஐ-லீக். மே 22-ல் பெண்கள் லீக். இரண்டும் தமிழ்நாட்டுக்கு. இடைவெளி 74 நாள்! கிரிக்கெட்டில் இது நடந்திருந்தால் கட்-அவுட் வைக்க இடம் பத்தாது. நம்ம தெருவில் ஒரு பேனர் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

சேது சட்டை போட்டவர்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன். கடலூர் மாவட்டத்துப் பெண். இந்திய அணி நடுக்கள ஆட்டக்காரர். காக்கிச் சட்டையும் உண்டு. தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர்! இன்னொருவர் சந்தியா ரங்கநாதன். அவரும் கடலூர். அவரும் இந்திய அணி!

இந்துமதி ஆடிய தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய சாம்பியன். தோற்றது? அங்கேயும் மணிப்பூர்! 2-1!

கடைசியாக ஒன்று. 2022 மே 26. புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியம். பெண்கள் லீக் கடைசி மேட்ச். ஒரு பக்கம் கோடம்பாக்கம் சீட்டுக் கம்பெனியின் கோகுலம். மறுபக்கம் காரியாபட்டிக் கல்லூரியின் சேது. அதுவரை கோகுலம் 10 மேட்ச், 10 வெற்றி. சேது? அதுவும் 10 மேட்ச், 10 வெற்றி! இந்தியாவின் பட்டத்துக்காக மோதிய இரண்டு முதலாளிகளின் அலுவலகத்துக்கும் நம்மவர்கள் பஸ் ஏறியே போய்விடலாம். 3-1 என்று கோகுலம் ஜெயித்தது. பரவாயில்லை. 11 மேட்சில் 30 புள்ளி எடுத்து இரண்டாம் இடம் என்றால் பாவப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

டீக்கடையில் யாராவது 'மதுரையில ஏதுய்யா கால்பந்து கிளப்பு?' என்று கேட்டால் 2019 மே 22, லூதியானா, 3-1 என்று மட்டும் சொல்லுங்கள். டீக்காசு அவர் கொடுப்பார்!